ப்ளஸ் அஞ்சு மீட்டர்

1. கயிறு

மே மாதம் இரண்டாவது வாரம், பகல் பதினொரு மணி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி எங்கள் ஆபீஸ் படியேறி வந்து, தோளில் மாட்டியிருந்த சாக்குப்பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றுச் சுருளை எடுத்து என் மேஜைமேல் போட்டார். கீபோர்டு மறைந்துவிட்டது.

ஆபீஸ் செம்பூர் ஸ்டேஷன் பக்கம், முதல் மாடி. விவசாயிகளுக்கு அரசு மானியத்தில் சோலார் பம்பு போட்டுக் கொடுக்கிற கம்பெனி. விவசாயி தன் பங்கைக் கட்டுவார், மீதியை அரசாங்கம் எங்களுக்குத் தரும். அங்கே நான் டாக்குமென்டேஷன் இன்சார்ஜ். வந்தவர் பெயர் சுனந்தா. நாசிக் பக்கத்தில் ஒரு வறண்ட தாலுகாவிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து, தாதரில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். அவர் பேசியது மராத்தி, நான் பேசியது பம்பாய் ஹிந்தி. இரண்டையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மேடம், என் போர்ல தண்ணி எத்தனை மீட்டர்ல இருக்குன்னு உங்க பேப்பர் சொல்லுது?"

கம்ப்யூட்டரில் அவர் ஃபைலைத் திறந்தேன். "பத்தொன்பது மீட்டர். கோடைக் கணக்கு."

"அப்படியா. இந்தக் கயிறை அளங்க. நுனியில போல்ட் கட்டி நேத்து நானே போருக்குள்ள விட்டேன். போல்ட் தண்ணியத் தொட்டப்போ கயிறு போர் வாயில இருந்த இடத்துல சிவப்புத் துணி கட்டியிருக்கேன்."

எங்களிடம் சைட்டுக்குக் கொண்டு போகிற டேப் இருந்தது. போல்ட் இருந்த முனையை அவர் என் நாற்காலிக் காலில் கட்டினார். நான் சுருளை அவிழ்த்துக்கொண்டே டேப்போடு நடந்தேன். ஆபீஸ் வாசல் தாண்டியது, வராந்தா தாண்டியது, படிக்கட்டு தாண்டியது. கீழே தெருவில் வடாபாவ் கடைக்காரர் கயிற்றைத் தாண்டித் தாண்டி வியாபாரம் பண்ணினார். சிவப்புத் துணி கைக்கு வந்தபோது நான் பக்கத்துக் கட்டிடத்தின் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு மீட்டர்.

அவருக்கு நாங்கள் மாட்டியது முப்பது மீட்டர் ஹெட் பம்பு. ஹெட் என்றால் ஒரு பம்பு தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்கிற கணக்கு. அதைப் போருக்குள் இருபத்தேழு மீட்டரில் தொங்கவிட்டிருந்தோம். அதாவது மே மாதத்தில் எங்கள் பம்பு தண்ணீருக்கு இருபத்தைந்து மீட்டர் மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கீழே இறக்கினாலும் பிரயோஜனம் இல்லை, அந்த ஆழத்திலிருந்து தூக்க அதற்குச் சக்தி கிடையாது.

"மாதுளை வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. முந்நூறு கன்னு. கன்ட்ரோலர் பெட்டியில 'டிரை ரன்', அதாவது தண்ணி இல்லைன்னு எழுத்து வருது, அவ்வளவுதான். பெட்டியில எழுத்து வந்தா மரம் குடிச்சுக்குமா?" என்று கேட்டார். பிறகு, "யார் எழுதினது இந்தப் பத்தொன்பது?" என்றார்.

"ஆபீஸ்ல எழுதியிருக்காங்க," என்றேன்.

எழுதியது நான்.

2. நாங்கள் வேலை செய்த லட்சணம்

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. பிறந்து வளர்ந்தது தாராவி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எலக்ட்ரிகல் டிப்ளமா. முதலாளியும் அந்தப் பக்கத்து ஆள். மாட்டுங்காவில் அவர்கள் குடும்பத்துக்குப் பல வருஷமாக மோட்டார், பைப் கடை உண்டு. சோலார் மானியம் வந்ததும் செம்பூரில் ஆபீஸ் பிடித்துக் கம்பெனி ஆரம்பித்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

வேலை நடக்கிற முறை இது. மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் அரசிடமிருந்து ஒர்க் ஆர்டர் வரும். ஜூலை, ஆகஸ்டில் எங்கள் சர்வே பையன்கள் ஊர் ஊராகப் போய்ப் போரை அளப்பார்கள். அப்போது தண்ணீர் மேலே வந்து நிற்கும். சுனந்தா தாயியின் போரில் ஆகஸ்டில் பதினான்கு மீட்டரில் தண்ணீர். தாயி என்றால் மராத்தியில் அக்கா.

சர்வே ஷீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, 'இன்றைய நீர்மட்டம்'. இன்னொன்று, 'கோடைக்கால நீர்மட்டம்'. பம்பு எத்தனை ஹெட் என்று முடிவாவது இந்த இரண்டாவது கட்டத்தை வைத்துத்தான். பையன்கள் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பி, விவசாயியிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டாவது காலியாக வரும். அரசு போர்ட்டலோ காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது.

நான் சேர்ந்த முதல் நாளே அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன்.

"அதுக்கென்னம்மா, இன்னைக்கு லெவல் எவ்வளவோ அதோட ஒரு அஞ்சு சேத்துப் போடு. எல்லா கம்பெனியும் அப்படித்தான் போடுதாவ."

இதற்கு எங்கள் ஆபீஸில் 'ப்ளஸ் அஞ்சு' என்று பெயரே உண்டு. பதினான்கா, பத்தொன்பது. பதினாறா, இருபத்தொன்று. ஒரு ஷீட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒரே நாளில் அறுபது ஷீட் ஏற்றினேன் என்று ஒருமுறை எனக்குக் கேக் வெட்டினார்கள். தின்றேன்.

ஏன் ஐந்து? ஐந்து சேர்த்தால் அநேகமாக எல்லோருமே முப்பது மீட்டர் ஹெட்டுக்குள் அடங்கிவிடுவார்கள். அண்ணாச்சி அந்த மாடலைத்தான் மொத்தமாக வாங்கிக் குடோனில் அடுக்கியிருந்தார். மழைக்காலத்தில் அந்தப் பம்பு பிரமாதமாகத் தண்ணீர் தள்ளும். இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வருவதும் மழைக்காலத்தில்தான். விவசாயி, பேனல், கொட்டுகிற தண்ணீர் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. மே மாதத்தில் அங்கே யாரும் போகமாட்டார்கள். மே மாதத்தில் என்ன வேலை?

3. அண்ணாச்சி அறை

கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சுனந்தா தாயியையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். அண்ணாச்சி தாயிக்கு ஒரு டீ சொன்னார். மரியாதையில் குறை வைக்கமாட்டார். ஹிந்தியில், "பாக்கறோம் தாயி, மேல எழுதறோம்," என்று சொல்லிவிட்டு என்னிடம் தமிழுக்குத் தாவினார்.

"ஏம்மா ஸ்டெல்லா, ஒனக்குக் கூறு இருக்கா? போர்ல தண்ணி கீழ போனா அதுக்கு நாம என்ன செய்ய? பம்பு தண்ணிய எடுக்கும், உண்டாக்கவா செய்யும்?"

"தண்ணி இருக்கு அண்ணாச்சி. அம்பத்திரண்டுல இருக்கு. எழுபது மீட்டர் ஹெட் பம்பு போட்டா எடுத்துரும். பேனல் எல்லாம் அதேதான். பம்பை மட்டும் மாத்துனா போதும்."

"ஒரு பம்பை மாத்துனா, ஏன் மாத்துனேன்னு கவர்மென்ட்காரன் கேப்பான். ஒங்க சர்வே தப்பான்னு கேப்பான். பொறவு அந்த லாட் பூரா தோண்டுவான். தேவையில்லாத லஃப்டா. மழை வரட்டும், எல்லாம் சரியாப் போவும்."

"மழை வரதுக்குள்ள மரம் செத்துரும்."

"வெள்ளாமைன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார். வெள்ளாமையைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன தெரியும்? அவர் தோட்டத்தைப் பார்த்தது இன்ஸ்பெக்ஷன் போட்டோவில்தான்.

தமிழ் தெரியாமலே சுனந்தா தாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீயைத் தொடாமல் எழுந்தார். வாசலில் நின்று, என்னிடம் ஒன்று சொன்னார். கரண்டு இணைப்புக்கு விண்ணப்பித்து நாலு வருஷம் காத்திருந்தவர் அவர். சோலார் பம்பு வேண்டுமானால் அந்த வரிசையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். எழுதிக் கொடுத்திருந்தார். அதே நிலத்துக்கு அரசாங்கம் இன்னொரு பம்பும் தராது. "இந்த வழியும் போச்சு, அந்த வழியும் போச்சு மேடம். பேப்பர்ல எனக்குப் பம்பு ஓடுது," என்றார்.

உண்மைதான். போர்ட்டலில் அவர் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் 'வேலை முடிந்தது' என்று இருந்தது. அந்தப் பச்சையையும் கொண்டுவந்தது நான் ஏற்றிய ஆவணங்கள்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அண்ணாச்சி மேல், காலிக் கட்டத்தோடு வந்த சர்வே பையன்கள் மேல், அந்தப் போர்ட்டல் மேல். டிரெயினில் இடித்த ஒருத்தியிடம் சண்டைகூடப் போட்டேன். என்னை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

4. யாருடைய லாகின்?

மறுநாள் முதல் மதிய இடைவேளைகளில், சுனந்தா தாயியோடு அதே ஒர்க் ஆர்டரில், அதே லாட்டில் இருந்த விவசாயிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். கயிற்றில் போல்ட்டைக் கட்டிப் போரில் விட்டு அளந்து சொல்லுங்கள் என்றேன். சிலர் திட்டிவிட்டு வைத்தார்கள். சிலர் அளந்து கயிற்றோடு போட்டோ அனுப்பினார்கள். நாற்பத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து. பத்தொன்பதோ இருபத்தொன்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மானியம் தருகிற அரசு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்லவர் மாதிரித்தான் பேசினார். போட்டோக்களைப் புரட்டினார். ஸ்கிரீனைப் பார்த்தார்.

"மேடம், இதுல கோடைக்கால மட்டம் பத்தொன்பதுன்னு இருக்கு. விவசாயி கையெழுத்தும் இருக்கு. இதை ஏத்தினது யாருடைய லாகின்?"

"என்னுது சார்."

"அப்ப இந்த நம்பரைச் சொன்னது நீங்க. இப்ப தப்புன்னு சொல்றதும் நீங்க. நான் எதை நம்பறது?"

"கோடையில ஒரு தடவை யாராவது போய் அளந்திருந்தா நீங்க என்னை நம்பவே வேண்டாமே சார்," என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. அளக்காம நானா ஒரு நம்பர் போட்டேன்னு உங்க பேர்ல, உங்க கையெழுத்துல. குடுத்தா ரீ-இன்ஸ்பெக்ஷன் போடுறேன். இல்லைன்னா ஃபைல் இப்படியேதான் இருக்கும்."

அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்று நாள் அது என் ஹேண்ட்பேக்கிலேயே இருந்தது. மகள் காலேஜில் கடைசி வருஷம். வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரம் இல்லை. நான்காம் நாள் சுனந்தா தாயி ஒரு வீடியோ அனுப்பினார். பேச்சு எதுவும் இல்லை. ஒரு மாதுளைக் கன்றின் கிளையை ஒடிக்கிறார். பச்சையே இல்லாமல் பட்டென்று ஒடிகிறது. அடுத்த கன்றை ஒடிக்கிறார். அதுவும் அப்படியே. அன்று மதியம் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் எழுதினேன். அதைச் சுனந்தா தாயியிடம் வாயால் சொல்லவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

கடிதத்தின் நகல் இரண்டே நாளில் அண்ணாச்சி மேஜைக்கு வந்துவிட்டது.

"சோறு போட்ட எடத்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

"நான் போட்ட மண்ணு ஒங்க மேசையில கெடக்கு அண்ணாச்சி. நாம போட்ட மண்ணு முந்நூறு மரத்து மேல கெடக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷ வேலை அன்றோடு முடிந்தது.

5. ரீ-இன்ஸ்பெக்ஷன்

ரீ-இன்ஸ்பெக்ஷனுக்குத் தேதி வந்தது. ஆகஸ்டு.

தேதியைப் பார்த்ததும் அந்த அதிகாரிக்குப் போன் பண்ணினேன். "சார், தண்ணி இல்லைங்கிற புகாரை மழைக்காலத்துலயா பாப்பீங்க?"

"மேடம், ஜூன்ல ஸ்டாஃப் எல்லாம் வேற டியூட்டி. ஜூலைல வண்டி இல்லை. கிடைச்ச தேதியைத்தானே போட முடியும்?"

புகார் எழுதியவள் என்பதால் எனக்கும் அழைப்பு இருந்தது. என் செலவில் போனேன். வழியெல்லாம் பச்சை. கரம்பு, வரப்பு, ஒற்றையடிப்பாதை எல்லாம் புல். அந்தப் பச்சைக்கு நடுவில் சுனந்தா தாயியின் தோட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், வரிசை வரிசையாகக் குச்சிகளோடு நின்றது. ஒவ்வொரு குச்சியின் அடியிலும் சொட்டு நீர்க் குழாய் அப்படியே கிடந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். இதையெல்லாம் நான் நிமிஷத்துக்கு ஒரு ஷீட்டாக ஏற்றிச் செய்தேன்.

அதிகாரி, அண்ணாச்சி, கம்பெனி டெக்னீஷியன் எல்லோரும் வந்திருந்தார்கள். சுவிட்ச் போட்டதும் கை மொத்தத்துக்குத் தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். நிஜமாகவே பிடித்தார். செத்த தோட்டம் பின்னால் தெரியாமல் இருக்க ரெண்டு அடி தள்ளி நின்று பிடித்தார்.

"தண்ணி வருதே," என்றார் அதிகாரி. டேப்பைப் போட்டு அளந்தார். "பதினஞ்சு மீட்டர். புகாருக்கு ஆதாரம் இல்லைன்னுதான் எழுத வேண்டியிருக்கும். நேர்ல பாக்கிறதைத்தானே எழுத முடியும்?"

நான் அவரோடு கத்தினேன். ரிப்போர்ட்டை எழுதி முடித்து, 'பயனாளி கையெழுத்து' என்கிற இடத்தைக் காட்டிச் சுனந்தா தாயியிடம் பேனாவை நீட்டினார்கள்.

"போடமாட்டேன்," என்றார்.

"தாயி, ஒரு கையெழுத்துதான்," என்றார் அண்ணாச்சி, ஹிந்தியில், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஃபைல் மூடாது. ஃபைல் மூடாமல் அந்த லாட்டின் கடைசித் தவணை மானியம் கம்பெனிக்கு வராது.

"போன தடவை பேப்பர்ல பாதி காலியா இருந்துச்சு. சின்னப் பையன் கேட்டானேன்னு போட்டேன். இப்ப மே மாசம் வாங்க. அன்னைக்கு என்ன பாக்கிறீங்களோ அதை எழுதுங்க. உண்மையா இருந்தா போடுறேன்."

"அதுவரைக்கும் ஃபைல் பெண்டிங்ல கிடக்குமேம்மா," என்றார் அதிகாரி.

"என் மரம் கிடந்துச்சு. உங்க ஃபைல் கிடக்கட்டும்."

எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, எனக்குப் போட்டோ அனுப்பியிருந்த மற்ற விவசாயிகளுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். அடுத்த வாரம் கம்பெனி ஆட்கள் கையெழுத்துக்குப் போன இடத்தில் எல்லாம் அதே பதில். மே மாசம் வாங்க.

6. மே மாதம்

அடுத்த மே மாதம் வந்தார்கள். வராமல் முடியவில்லை, அத்தனை ஃபைலும் பெண்டிங். பம்பு டிரை ரன் காட்டியது. அதிகாரி அளந்தார், ஐம்பத்துமூன்று. சுனந்தா தாயி கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்துக்குள் எழுபது மீட்டர் ஹெட் பம்பு மாட்டினார்கள். அவருக்கு மட்டும் இல்லை, அந்த லாட்டில் அளந்து காட்டிய எல்லோருக்கும். அண்ணாச்சி இன்னும் கம்பெனி நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

பம்பு மாட்டிய செய்தி கேட்டதும் சுனந்தா தாயிக்குப் போன் பண்ணினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் பண்ணினேன். வேலையை இழந்தவள், அலைந்தவள், அதிகாரியிடம் கத்தியவள் நான்தானே. தண்ணீர் வருகிறது என்றார். புதுக் கன்று வைக்கவில்லை, இந்த வருஷம் வைக்கிற தெம்பு இல்லை என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"தாயி, அந்தப் பத்தொன்பதை எழுதினது நான்தான்," என்றேன். "ஆபீஸ்ல யாரோன்னு அன்னைக்குச் சொன்னேன். பொய். கட்டம் காலியா இருந்துச்சு, அஞ்சைக் கூட்டிப் போட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே மேடம்," என்றார். "எங்க வீட்டுல சின்னப் பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும், மே மாசம் தண்ணி எங்க இருக்கும்னு. அப்புறம் எல்லாருக்கும் பண்ணினீங்களே, அதே நம்பர்தானே?"

வைத்துவிட்டார்.

அதே நம்பர்தான். சர்வே ஷீட்டில் அவர் போன் நம்பர் நீர்மட்டக் கட்டத்துக்கு நாலு வரி மேலே இருந்தது. அதையும் நான்தான் ஏற்றினேன், ஒரு இலக்கம்கூடத் தப்பில்லாமல்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, அரசாங்கம் அப்படி, முதலாளி அப்படி என்று சொல்ல உங்களுக்கு நிறைய இருக்கும், அதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் காலிக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள். தெரியாவிட்டால் போனை எடுத்துக் கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.